அனிமேஷன் சூப்பர் ஹீரோ படம் ஒன்றில் உங்களை மிகவும் உலுக்கிய வீரக் காட்சி எது? மிகவும் கொடூரமான வில்லத்தனம் எது?

இரண்டு கேள்விக்கும் எனக்கு ஒரே படம்தான் பதில். பிராட் பேர்ட் எழுதி இயக்க, பிக்சார் நிறுவனம் தயாரித்து 2004 நவம்பரில் வெளிவந்த 'தி இன்க்ரெடிபிள்ஸ்'. அந்த இரண்டு காட்சிகளும் படத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி, சில நிமிடங்களுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. கதையின் முடிவு வரை சொல்லப் போகிறேன் என்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதையின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அளவற்ற உடல் வலிமை கொண்ட பாப் பார் என்பவரும், ரப்பரைப் போல உடலை நீட்டி வளைக்கக்கூடிய அவருடைய மனைவி ஹெலனும் ஒரு காலத்தில் ஊரே கொண்டாடிய நாயகர்கள். வழக்குகள் குவிந்ததால் அரசு அவர்களுடைய பணிக்குத் தடை போட்டுவிட, 15 ஆண்டுகளாகச் சாதாரண மனிதர்களைப் போல ஒளிந்து வாழ்கிறார்கள். மூத்தவள் வயலட்டால் மறைந்துபோகவும் பாதுகாப்பு வளையம் எழுப்பவும் முடியும். அடுத்தவன் டேஷ் மின்னல் வேகத்தில் ஓடுவான். கைக்குழந்தை ஜாக்ஜாக்கிடம் எந்தச் சக்தியும் இல்லை என்றே குடும்பத்தார் நினைத்திருக்கிறார்கள். பழைய வாழ்க்கைக்கு ஏங்கும் பாப், மனைவியிடம் மறைத்து ஒரு தீவுக்கு வேலைக்குப் போய், சிண்ட்ரோம் என்பவனிடம் சிக்கிக்கொள்கிறார். சிறுவனாக இருந்தபோது பாப்பின் தீவிர ரசிகனாகத் துணைக்கு வர விரும்பி, தனியாகத்தான் வேலை செய்வேன் என்று பாப் விரட்டியதால் மனம் கசந்துபோன பட்டி என்ற பையன்தான் இந்த சிண்ட்ரோம்.

கணவரைத் தேடி ஹெலன் ஒரு ஜெட் விமானத்தை இரவல் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு தீவை நோக்கி வருகிறார். வயலட்டும் டேஷும் அதில் திருட்டுத்தனமாக ஏறியிருப்பது நடுவானில்தான் அவருக்குத் தெரிகிறது. கீழேயிருந்து ஏவுகணைகள் கிளம்புகின்றன. இந்த இடத்தில் ஹெலனின் குரலைக் கவனித்துக் கேளுங்கள். குரல் கொடுத்தவர் ஹாலி ஹன்டர். முதலில் தேர்ந்த விமானியின் நிதானமான வானொலி மொழியில் அடையாளம் சொல்லித் தரையிறங்க வழி கேட்கிறார்; பதில் வராதபோது அதே சொற்களைத் திரும்பச் சொல்கிறார்; ஏவுகணைகளைக் கண்டதும் விமானத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கூவுகிறார். விமானத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் எழுப்பும்படி மகளிடம் கத்துகிறார். சக்தியைப் பயன்படுத்தவே கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவள் திணறுகிறாள், முயன்றும் பார்க்கிறாள், விமானத்தை மூடும் அளவுக்கு அவளால் முடியவில்லை. கடைசி நொடியில் ஹெலன் ஓட்டுநர் இருக்கையை விட்டுத் தாவி வந்து, தன் உடலையே உருண்டையாக்கிக் குழந்தைகள் இருவரையும் உள்ளே பொதிந்துகொள்கிறார். விமானம் வெடிக்கிறது. கடலை நோக்கி விழுந்துகொண்டிருக்கும்போதே உடலை விரித்து அவரே பாராசூட்டாகி விடுகிறார்.

நான் இந்தக் காட்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் பரபரப்பு மட்டுமல்ல. தண்ணீரில் விழுந்தபின் நடப்பதுதான் என்னை அதிகம் கவர்ந்தது. செத்துப்போனோம், செத்துப்போனோம் என்று பிள்ளைகள் அலறும்போது, அவர் ஆறுதல் சொல்லித் தேற்றவில்லை. யாரும் சாகப்போவதில்லை, இப்போதே அடங்காவிட்டால் ஒரு மாதத்துக்கு வீட்டை விட்டு வெளியே போக முடியாது என்று அதட்டுகிறார். நடுக்கடலில், வெடித்துச் சிதறிய விமானத்தின் புகைக்குக் கீழே, வீட்டுக்கூடத்தில் கொடுக்கும் தண்டனையைச் சொல்லி மிரட்டுகிறார்! பிள்ளைகளின் காதில் விழக்கூடிய ஒரே குரல் அந்த அன்றாடக் குரல்தான் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. பிறகு தன்னையே படகாக்கி, டேஷின் கால்களை எஞ்சினாக்கிக் கரை சேர்கிறார். கரை சேர்ந்தபின் மகனிடம் உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்கிறார். நான் பெற்றோராக ஆவதற்கு முன்பு இந்த இடம் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது. இப்போது அப்படி இல்லை.

இனி வில்லத்தனம். விமானம் தாக்கப்படும் அதே நேரத்தில், கைகால்கள் கட்டுண்டு தொங்கும் பாப்புக்கு சிண்ட்ரோம் அந்த வானொலிக் குரலைப் போட்டுக் காட்டுகிறான். மனைவியின் குரல் அது என்பது பாப்புக்கு உடனே புரிந்துவிடுகிறது. குழந்தைகளும் உள்ளே இருப்பது அடுத்த நொடியில் புரிகிறது. ஏவுகணைகளைத் திருப்பிவிடு, நீ கேட்பதையெல்லாம் செய்கிறேன் என்று அவர் கெஞ்சுகிறார். காலம் கடந்துவிட்டது, 15 ஆண்டுகள் கடந்துவிட்டது என்கிறான் சிண்ட்ரோம். இலக்கு அழிந்தது என்ற செய்தி வந்ததும் அவன் சொல்வதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் ஆகக் கொடிய வார்த்தை: தனியாக வேலை செய்வதுதானே உனக்குப் பிடிக்கும், சீக்கிரம் தேறிவிடுவாய். சிறுவயதில் தன் காதில் விழுந்த வார்த்தையை 15 ஆண்டுகள் பொத்திப் பாதுகாத்து, அதைச் சொன்னவரின் மனைவி மக்கள் இறந்ததாக எண்ணும் நொடியில் திருப்பிக் கொடுக்கிறான். குரலை உயர்த்தக்கூட இல்லை. சிறுமைப்பட்ட ஒருவனின் வலி நியாயமானதாகவே தொடங்கி, எந்த இடத்தில் மனிதத்தன்மையை இழக்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சியை நான் அனிமேஷனில் பார்த்ததில்லை.

அத்துடன் அந்தக் காட்சி முடியவில்லை. பாப் ஆத்திரத்தில் அவனைப் பிடிக்கக் கையை நீட்ட, சிண்ட்ரோமின் உதவியாளரான மிராஜ் அவனைத் தள்ளிவிட்டுத் தான் அகப்பட்டுக்கொள்கிறாள். என்னை விடுவி, இல்லையென்றால் இவளை நசுக்கிவிடுவேன் என்கிறார் பாப். செய்துதான் பாரேன் என்கிறான் சிண்ட்ரோம். தன் உயிரைக் காப்பாற்றியவளின் உயிர் இன்னொருவரின் பிடிக்குள் துடிக்கும்போது, அவன் முகத்தில் கவலையின் ஒரு கோடுகூட இல்லை. பாப்பின் பிடி ஒரு கணம் இறுகுகிறது. பிறகு தளர்கிறது. அவர் தலைகுனிந்து அழுகிறார். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், நீ பலவீனன் என்று சொல்லிவிட்டு சிண்ட்ரோம் போய்விடுகிறான்.

ரயிலை நிறுத்தியவர், எந்திர மிருகத்தை வெறுங்கையோடு வென்றவர் பாப். அவருடைய ஆகப் பெரிய வீரச்செயல் எது என்று கேட்டால், அந்தக் கையைத் தளர்த்தியதைத்தான் சொல்வேன். எல்லாவற்றையும் இழந்துவிட்டதாக நம்பும் நேரத்தில், பார்த்துப் பாராட்ட ஒருவரும் இல்லாத அறையில், எதிரியின் கையாளை அவர் விட்டுவிடுகிறார். பலத்தைக் காட்டாமல் இருப்பதற்கு அவ்வளவு பலம் தேவைப்படுகிறது. மிராஜுக்கு அது புரிந்துவிட்டது. பிறகு அவள் சிண்ட்ரோமிடம், உயிரை மதிப்பது பலவீனம் ஆகாது, அதைத் துச்சமாக நினைப்பது பலமும் ஆகாது என்று சொல்லி, இனிமேல் சூதாடுவதென்றால் உன் சொந்த உயிரை வைத்து ஆடு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நகர்கிறாள். பாப்பை விடுதலை செய்ய வருபவளும் அவளே. வில்லனின் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு, கண்ணால் கண்ட ஒரு செயலுக்காகப் பக்கம் மாறும் அவளுடைய துணிச்சலை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது.

இந்த இரண்டுக்கும் அடுத்தபடியாக நான் வைப்பது, உயிரோடு இல்லாத ஒருவரின் வீரம். சிறைப்படுவதற்கு முன்பு, தீவில் சிண்ட்ரோமிடமிருந்து தப்பி ஒரு குகைக்குள் ஒதுங்கும் பாப், அங்கே கேசர்பீம் என்ற பழைய நாயகரின் எலும்புக்கூட்டைக் காண்கிறார். கண்களிலிருந்து கதிர் பாய்ச்சும் சக்தி கொண்டவர் அவர். காணாமல்போனார் என்ற செய்தி படத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுகிறது. அந்த எலும்புக்கூட்டின் பார்வை நிலைகுத்தியிருக்கும் பாறைச்சுவரில் 'க்ரோனோஸ்' என்ற ஒரே சொல் சுட்டெரித்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது. சாகும் தறுவாயில், யார் வருவார்கள் என்றே தெரியாத நிலையில், தான் கண்டுபிடித்த கடவுச்சொல்லை அடுத்து வருபவருக்காக எழுதிவைத்திருக்கிறார். சிண்ட்ரோமின் கருவி குகைக்குள் தேடிவரும்போது பாப் அந்த எலும்புக்கூட்டின் பின்னால்தான் மறைந்துகொள்கிறார். கருவியும் ஏமாந்து திரும்பிப்போகிறது. செத்த பிறகும் ஒரு மனிதர் இன்னொருவரைக் காப்பாற்றுகிறார். வசனமே இல்லாத இந்தக் காட்சியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தக் கடவுச்சொல்லைக் கணினியில் இட்டதும் திறப்பது, நான் மேலே சொன்ன வில்லத்தனத்துக்கு அடுத்தபடியானது. ஆம்னிட்ராய்ட் என்ற கொலை எந்திரத்தைச் செம்மைப்படுத்துவதற்காக, ஓய்வில் இருந்த நாயகர்களை ஒவ்வொருவராகத் தீவுக்கு வரவழைத்து அதனுடன் மோதவிட்டிருக்கிறான் சிண்ட்ரோம். ஒருவர் எந்திரத்தை வென்றால் அதன் அடுத்த வடிவம் அவரைக் கொல்லும், பிறகு அடுத்தவர். திரையில் ஒரு முகம், அதன்மீது முடிந்துபோன கணக்கைப் போல ஒரு முத்திரை, மறுபடி ஒரு முகம். பெயர்கள் பேரேட்டில் கழிக்கப்படுவதைப் போலக் கழிந்துகொண்டே போகின்றன. பாப் முதலில் தேடுவது மனைவியின் பெயரை. இருப்பிடம் தெரியவில்லை என்று வருவதைக் கண்டு ஒரு மூச்சு விடுகிறார். குழந்தைகளும் பார்க்கும் படத்தில், ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல், இத்தனை கொலைகளையும் ஓர் அலுவலகக் கோப்பின் மொழியில் சொல்லியிருப்பதுதான் அதன் பயங்கரம். அந்த எந்திரத்தை நகரத்தின்மீது ஏவிவிட்டுத் தானே அதை அடக்கி நாயகனாவதும், வயதான பின் தன் கருவிகளையெல்லாம் விற்று எல்லோரையும் சூப்பர் ஹீரோ ஆக்கி யாருமே சூப்பர் ஹீரோ இல்லாமல் செய்வதும் அவனுடைய திட்டம். இந்தத் திட்டத்தை வைத்துப் படத்தின் அரசியலைப் பலர் விவாதித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஆற்றலைத் தருவது தவறா என்று கேட்பவர்கள் அந்தக் கோப்பில் இருக்கும் முகங்களை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

சிறிய வில்லத்தனம் ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் பாப்பின் மேலதிகாரியாக ஹஃப் என்ற குள்ளமான மனிதர் வருகிறார். ஜன்னலுக்கு வெளியே ஒருவரை ஒரு திருடன் அடித்துக் கொள்ளையடிப்பதைப் பார்த்து பாப் துடிக்கும்போது, அவர் நம்மிடம் காப்பீடு எடுத்தவராக இல்லாதிருந்தால் சரி என்கிறார் இவர். ஏவுகணையும் இல்லை, எந்திரமும் இல்லை. ஒரு மேசையும் நாற்காலியும் மட்டுமே. அந்த ஒரு வாக்கியத்தை நம்மில் பலரும் வேறு வேறு வடிவங்களில் வேறு வேறு அலுவலகங்களில் கேட்டிருப்போம்.

வயலட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவளுடன் இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். விமானக் காட்சியில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த அக்கா ஏன் வளையம் போடவில்லை என்று கேட்டாள். அதுவரை ஒளிந்திரு, ஒளிந்திரு என்று மட்டுமே சொல்லி வளர்த்த பிள்ளையிடம் திடீரென்று அவ்வளவு கேட்டால் எப்படி முடியும் என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் படத்திலேயே ஹெலன் அதைச் சொல்லிவிட்டார். கரையேறிய பின் ஒதுங்கிய வேறொரு குகையில் மன்னிப்புக் கேட்கும் மகளிடம், அது உன் தவறு இல்லை, உன்னிடம் அப்படிக் கேட்டது நியாயமில்லை என்கிறார். ஒரு நாயகி தன் பிள்ளையிடம் தவறை ஒப்புக்கொள்ளும் அந்த இடத்திலிருந்துதான் வயலட் மாறுகிறாள். காட்டில் காவலன் ஒருவன் டேஷைச் சுட முற்படும்போது, அவள் பாய்ந்து குறுக்கே நிற்க, வளையம் தானாக எழுகிறது. தோட்டாக்கள் அதில் பட்டுத் தெறிக்கும்போது அவளுக்கே அது வியப்பாக இருக்கிறது.

இறுதியில், தோற்றுப்போன சிண்ட்ரோம் அவர்களுடைய வீட்டுக்கே வந்து குழந்தை ஜாக்ஜாக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். குழந்தையின் சக்திகள் ஒவ்வொன்றாக வெளிப்பட, தாங்கமாட்டாமல் அவன் கைவிட, ஹெலன் வானில் பாய்ந்து பிள்ளையைப் பிடித்து மறுபடியும் பாராசூட்டாகி இறங்குகிறார். பாப் எறிந்த கார் சிண்ட்ரோமின் ஜெட் விமானத்தைத் தாக்க, அவன் அணிந்திருந்த நீண்ட மேலங்கியே எஞ்சினில் சிக்கி அவனை உள்ளே இழுத்துவிடுகிறது. எரியும் விமானம் நேராகக் குடும்பத்தின் தலைமேல் விழுகிறது. இந்த முறை யாரும் வயலட்டிடம் எதுவும் கேட்கவில்லை. புகை விலகும்போது, வீடு தரைமட்டமாகிக் கிடக்கிறது. அதன் நடுவில் அவள் எழுப்பிய வளையத்துக்குள் ஐந்து பேரும் இருக்கிறார்கள். முதல் விமானம் வெடித்தபோது மகளைத் தன் உடலுக்குள் பொதிந்துகொண்ட தாயும் அந்த ஐவரில் ஒருவர்.