கேள்வி-பதில்: வலியைத் தாங்குவதுதான் பயிற்சியா?

கேள்வி: மூன்று ஆண்டுகளாகச் சிலம்பம் பழகுகிறேன். விடுமுறை நாட்களில் யாரிடமும் சொல்லாமல் அழகர்மலைக் காட்டுக்குள் தனியாக ஏறி இறங்குவது வழக்கம். பசி, தாகம், வலி எல்லாவற்றையும் தாங்க அந்தத் தனிமை கற்றுக்கொடுத்தது. இப்போது மணிக்கட்டு வலித்தாலும் கம்பு சுற்றுவதை நிறுத்துவதில்லை. ஆசானோ புதிதாக எதுவும் தராமல் பழைய கால்வரிசையையே (காலடி வைக்கும் பயிற்சி) திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார். காட்டில் பெற்ற மன உறுதியைச் சிலம்பத்தில் எப்படிப் பயன்படுத்துவது?
(வாசகர் ஒருவர், மேலூர்)

பதில்: காடு உங்களுக்கு மன உறுதி தந்ததாக நினைக்கிறீர்கள். இதுவரை அது உங்களை விட்டுவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழமுதிர்சோலைக்கும் ராக்காயி அம்மன் கோயிலுக்கும் போகிற பாதையில் நடப்பது வேறு. அதை விட்டு விலகிக் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது வேறு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீக்காயம் பட்டவர்களில் பலரை நம் மதுரை அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவர்கள் கூட்டமாகப் போனவர்கள். நீங்கள் தனியாக, அதுவும் வீட்டில் சொல்லாமல் போகிறீர்கள்.

2003-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஏரன் ரால்ஸ்டன் என்ற மலையேறி ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கும்போது பாறை உருண்டு வலக்கை சிக்கிக்கொண்டது. ஐந்து நாட்களுக்குப் பிறகு தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரும் அதை வீரக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது வேறு. குளிர்காலத்தில் பெரிய சிகரங்களைத் தனியாக ஏறிய அனுபவசாலி அவர். எங்கே போகிறேன் என்று அன்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேடுகிறவர்களுக்கு எந்தத் திசையில் போவது என்றாவது தெரிந்திருக்கும்.

தனியாக நெடுந்தொலைவு போய்ப் பழகியவர்கள் வலியைத் தாங்குவதைப் பெருமையாகப் பேசமாட்டார்கள். குதிகாலில் செருப்போ ஷூவோ லேசாக உரசத் தொடங்கியதும் நின்றுவிடுவார்கள். கழற்றிப் பார்ப்பார்கள், மண்ணைத் தட்டுவார்கள், பிளாஸ்திரி ஒட்டுவார்கள், பிறகுதான் அடுத்த அடி வைப்பார்கள். கொப்புளம் வந்தபின் நடை கோணும். நடை கோணினால் முழங்கால் போகும். முழங்கால் போனால் தூக்கிவர ஆள் இல்லை. தனியாகப் போகிறவனுக்குச் சிறு காயம் என்று ஒன்று கிடையாது. அதனால்தான் அவன் உடம்பின் முதல் முணுமுணுப்பிலேயே காது கொடுக்கிறான்.

உங்கள் மணிக்கட்டு இப்போது முணுமுணுக்கிறது. வீச்சு முழுவதும் அந்த மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களை நம்பித்தான் நடக்கிறது. பயிற்சிக்கு மறுநாள் முன்கைத் தசை கனப்பதும் மூட்டில் ஓரிடத்தில் சுரீரென்று குத்துவதும் ஒன்றாகா. முன்னது ஓய்வில் ஆறும். பின்னதோடு சுற்றிக்கொண்டே இருந்தால் நாண் வீங்கி, சில நாள் ஓய்வில் தீர வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். மருத்துவரைப் பாருங்கள். அதுவரை கம்பைக் கீழே வையுங்கள். கால்வரிசைக்குக் கம்பு தேவையில்லை; கை இளைப்பாறும் நாட்களிலும் கால் பழகலாம்.

இன்னொன்று, திரும்பும் நேரம். விவரம் அறிந்தவர்கள் அதைக் காலையில், தலை தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்துவிடுவார்கள். அந்த நேரம் வந்தால் உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுவார்கள். களைத்த மூளை 'இன்னும் கொஞ்சம்தானே' என்று சொல்லும் என்பதும், சரளைக்கல்லில் இறங்கும்போதுதான் கால் அதிகம் வழுக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சிலம்பத்தில் இதன் அருமை இன்னும் அதிகம். களைப்பில் முதலில் கெடுவது கால். பாதம் இழுபடும், இடுப்பு திரும்பாது, இரண்டு குதிகாலும் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கம்பு மட்டும் விர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும்! பார்க்கிறவர்களும் ஏமாறுவார்கள், சுற்றுகிறவரும் ஏமாறுவார். இடுப்பு தராத வேகத்தை மணிக்கட்டிலிருந்து பிடுங்குவீர்கள். உங்கள் வலி அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம். தொடங்கும் முன்பே ஒரு வரம்பு வையுங்கள்: கால் தடம் மாறிய அந்தச் சுற்றோடு அன்றைய வீச்சு முடிந்தது. அதற்கு மேல் சுற்றினால் தப்பான அடியைத்தான் உடம்பு மனப்பாடம் செய்யும்.

ஆசான் பழையதையே போடச் சொல்கிறார் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். பாதை பிரியும் இடத்தில், வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போவது நல்ல நடையாளியின் பழக்கம். ஏறும்போது பார்த்த பாறையும் மரமும் இறங்கும்போது வேறு முகம் காட்டும். நீங்கள் கால்வரிசையை எந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் பார்த்திருக்கிறீர்கள்? இடக்காலில் தொடங்கிப் போட்டதுண்டா? பின்னோக்கி? கம்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு? இவற்றில் தடுமாறினால், ஆசான் கேட்பது நியாயம். அவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது.

காட்டிலிருந்து களத்துக்கு வராத ஒன்றும் உண்டு. மலை உங்களைக் குறி வைப்பதில்லை. பாறை பொய் அடி காட்டி உங்கள் கவனத்தைத் திருப்பிவிட்டு விலாவில் தொடாது. எதிரே நிற்பவனின் தோள் எந்தக் கணத்தில் அசைகிறது, அவன் பார்வை எங்கே போகிறது, பின்வாங்குவதுபோல் எப்போது உள்ளே வருகிறான் என்பதையெல்லாம் தனிமையில் கற்க முடியாது. தனியே நடந்து பெறும் நிதானம் உங்களிடம் இருக்கலாம். எதிராளியைப் படிக்கும் கண் இருப்பதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் காட்டவில்லை. கூடத்தில் சேர்ந்து பழகுகிறவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே!

மணிக்கட்டு ஆறியதும் உங்களைவிடக் குள்ளமான, வேகமான ஒருவரோடு கம்பு கோத்துப் பாருங்கள். அடுத்த நாள் உங்களைவிட நெட்டையானவரோடு. அடிக்கவே வேண்டாம், தடுக்க மட்டும் செய்யுங்கள். எத்தனை தொடு வாங்கினீர்கள், ஒவ்வொன்றின்போதும் உங்கள் முன்கால் எங்கே இருந்தது என்று ஆசானையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.