பாம்பு சீனைப் பாத்து பொண்ணு தூங்கலைன்னா டாக்குமென்டரியை நிறுத்தணுமா?

கரூர்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. ஆறு வயசுப் பொண்ணு, பிபிசியோட பிளானட் எர்த் 2ல குட்டி இகுவானாவை, அதாவது பெரிய ஓணான் மாதிரி ஒரு பிராணியை, பாம்புக் கூட்டம் துரத்துற சீனைப் பாத்ததுல இருந்து கட்டிலுக்கு அடியில பாம்பு இருக்குன்னு ராத்திரி எந்திரிச்சு அழுறாளாம், மாமியார் இனி மிருகப் படமே வேண்டாம்னுட்டாங்களாம், அதனால இப்போ யூட்யூப்ல மலைப்பாம்புகிட்ட இருந்து நாய்க்குட்டியைக் காப்பாத்துற வீடியோ போட்டுக் கொடுக்குறாங்க, அதை அமைதியா பாக்குறாளாம். இது சரிதானான்னு கேள்வி.

சரியில்லம்மா. பாம்பு சீனை விட நீங்க இப்போ காட்டுறதுதான் எனக்குக் கவலையா இருக்கு.

முதல்ல அந்த பயத்தைப் பாத்துடலாம். அந்த சீன் 2016ல வந்தது, தென் அமெரிக்காவுக்கு மேற்கே கடல்ல இருக்குற கலாபகஸ் தீவுக் கூட்டத்துல ஃபெர்னாண்டினாங்குற தீவுல எடுத்தது, அந்தப் பாம்பு கலாபகஸ்ல மட்டும்தான் உண்டு, நம்ம ஊர்ல கிடையாது. இதை மேப்புல விரல் வச்சுக் காட்டுங்க. அப்புறம், அது ஒரே குட்டியோட ஓட்டம் இல்ல, பல குட்டிங்க ஓடுனதை வெட்டி ஒட்டினது. இது புரியுற வயசுதான் அவளுக்கு. முக்கியமா சத்தம். தூரத்துல இருந்து எடுக்குற படத்துல காலடிச் சத்தம், எலும்பு நொறுங்குற சத்தம் எல்லாம் பெரும்பாலும் ஸ்டூடியோவுல ஆளுங்க உக்காந்து சேக்குறதுதான், அதுக்கு மேல மியூசிக் வேற. அடுத்த தடவை ம்யூட்ல போட்டு நீங்களே கதை சொல்லுங்க, சிங்கம் நாலு தடவை துரத்துனா ஏறக்குறைய மூணு தடவை வெறும் வயித்தோடதான் திரும்பும்னு சொல்லுங்க, பாதி பயம் அங்கயே போயிடும். நான் ஸ்கூல் ஸ்கூலா படம் போட்டுக் காட்டுறவன், எனக்கு இது ஒருநாளும் பொய்க்கல.

இப்போ அந்த நாய்க்குட்டி வீடியோ. மலைப்பாம்பு குட்டியைச் சுத்தியிருக்கு, ஒருத்தர் ஓடி வந்து பிரிச்செடுக்குறார். அவர் ஓடி வர்றதுக்கு முன்னாடியே கேமரா எப்படிம்மா அங்க ரெடியா நிக்குது? மூணு பக்கத்துல இருந்து வேற எடுத்திருக்கான். குட்டியை அவனே கொண்டுபோய் பாம்புகிட்ட போடுறான், பாம்பும் பிடிச்சு வச்சிருந்த பாம்புதான், ரெண்டுமே வதைபடுது. கீழ டொனேஷன் லிங்க், க்யூஆர் கோடு. ஒரு டாக்டர் பேர் இருக்காது, ஒரு ஆஸ்பத்திரி இருக்காது, அடுத்த வாரம் அதே குட்டி வேற பாம்புகிட்ட மாட்டும். உங்க பொண்ணு அமைதியா பாக்குறது நிஜமாவே ஒரு குட்டி துடிக்குறதை. இதை யாராவது நம்ம ஊர்ல எடுத்து, நாய்க்குட்டிக்காகக் கேஸ் போட்டா என்ன ஆகும்னு பாருங்க, 1960ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல முதல் தடவை மாட்டினா அபராதம் 10ல இருந்து 50 ரூபாய். ஒரு பிளேட் பிரியாணிக்குக் கூட பத்தாத காசு, இத்தனை வருஷமா மாத்த முடியல இவங்களால!

இந்த வியாபாரம் புதுசும் இல்ல. 1958ல அமெரிக்காவுல வந்த ஒரு படத்துல லெம்மிங்குற எலி மாதிரி பிராணிங்க கூட்டமா மலையில இருந்து குதிச்சு சாகுறதா காட்டினாங்க, காசு கொடுத்து வாங்கி வந்து தள்ளிவிட்டது அது. ஆஸ்கர் வேற வாங்குச்சு.

அதுக்காக செட் போட்டு எடுக்குறது எல்லாமே தப்புன்னு நினைச்சுடாதீங்க. 2011ல பிபிசியோட ஃப்ரோசன் பிளானட்ல பனிக்கரடி குட்டி போடுற காட்சியை நெதர்லாந்துல ஒரு மிருகக்காட்சி சாலையில எடுத்தாங்கன்னு பெரிய சண்டை வந்துச்சு. எனக்கு அதுல தப்பு தெரியல. காட்டுல குட்டி போடுற கரடியோட குகைக்குள்ள கேமராவோட போனா தாய் ஆளையும் கொல்லும், இல்லன்னா பதறிப்போய் தன் குட்டியையே கொன்னுடும். அங்க எந்தக் குட்டியும் படத்துக்காகக் கஷ்டப்படல. டிவியிலயே அதைத் தெளிவா சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான் குறை. மிருகத்துக்கு வலி உண்டா இல்லையா, அதை மட்டும் பாருங்க.

சர்டிபிகேட்டை நம்பாதீங்க. ஓடிடிக்கு 2021ல யு, யு/ஏ 7+, 13+னு விதி போட்டாங்க, ஆனா எந்த நிமிஷத்துல தாய் சாகுது, எதுல குட்டி சாகுதுன்னு அதுல எங்க இருக்கு? 2005ல வந்த பெங்குயின் படத்துக்கு அமெரிக்காவுல எல்லா வயசும் பாக்கலாம்னு கொடுத்தாங்க, குஞ்சு செத்துக் கிடக்குறது அதுலயே இருக்கு. அதனால நீங்க முன்னாடியே ஒரு தடவை பாத்துடுங்க, வேற வழி கிடையாது.

ஸ்கூல் வாசல்லயும் அபார்ட்மென்ட்லயும் பென் டிரைவ்ல ஐநூறு படம்னு விக்க வர்றாங்களே, தயவுசெஞ்சு வாங்காதீங்க. ஒரு ஸ்கூல்ல அப்படி வாங்கினதை நான் போட்டுப் பாத்தேன், நடுவுல நடுவுல கீரி பாம்பு சண்டை கட்டிவிட்டு எடுத்த கிளிப்பா இருந்துச்சு, மூணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு!

முதல்ல முதுமலை தெப்பக்காட்டுல எடுத்த தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ் போடுங்க, முக்கால் மணி நேரம் கூட ஆகாது, பேசுறது தமிழ். ரகுங்குற யானைக்குட்டியோட அம்மா கரண்ட் ஷாக்ல செத்ததை முதல்லயே அவகிட்ட சொல்லிட்டு உக்காருங்க. பகல்ல போடுங்க, படுக்கப் போற நேரத்துல வேண்டாம். யூட்யூப்ல அந்த சேனலை ரிப்போர்ட் பண்ணி, பாத்த ஹிஸ்டரியையும் அழிச்சிடுங்க, இல்லன்னா நாளைக்குக் காலையில அதுவே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து நிறுத்தும். அழுகை மூணு வாரத்துக்கு மேல நீடிச்சா குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க.