மறு: ஸ்போ-11 நீக்கிய ஈஸ்ட்டில் பை நிறைய ஸ்போர், ஆனால் ஒன்றும் முளைக்கவில்லை

வணக்கம் தங்கச்சி. ஈஸ்ட் செல்லின் பைக்குள் (ஆஸ்கஸ்) நான்கு ஸ்போரும் (வித்துச் செல்) தெளிவாகத் தெரிந்தும், பிரித்து வைத்த 40 பைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை, பையின் சுவரைக் கரைக்கும் நொதியான சைமோலியேஸ் அதிகமாகிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கை மேல் தப்பில்லை. ஸ்போ-11 என்ற மரபணு இல்லாத ஈஸ்ட் அப்படித்தான் நடந்துகொள்ளும். நூற்றுக்கு ஒரு ஸ்போர் பிழைத்தாலே பெரிது.

ஸ்போர் உண்டாக்கும் செல் பிரிவான மியோசிஸில் டிஎன்ஏ இழையை வேண்டுமென்றே வெட்டுவது ஸ்போ-11தான். சாதாரண செல்லில் ஏறக்குறைய 160 வெட்டு விழும். அவற்றைச் சரிசெய்யும்போது சுமார் 90 இடங்களில் ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும். அந்த முடிச்சுதான் ஜோடியைச் சேர்த்துப் பிடித்து, இரு பக்கமும் சமமாக இழுக்க வைக்கிறது. வெட்டே இல்லையென்றால் முடிச்சும் இல்லை, 16 ஜோடியும் போன போக்கில் போகும். ஒவ்வொன்றும் சரியாகப் பிரிய பாதி வாய்ப்பு என்று வையுங்கள். எல்லாம் ஒருசேர அமைவது 65,536-இல் ஒரு தடவை.

பிறகு பை எப்படி உருவானது? உடைசல் இல்லாததால் செல்லுக்கு அபாயமே தெரியவில்லை. எஸ்கே1 என்ற ஆய்வக ஈஸ்ட் வகையில், வெட்டைச் சரிசெய்ய உதவும் டிஎம்சி-1 மரபணுவை நீக்கிப் பாருங்கள்: வெட்டு ஆறாமல் கிடக்கும், செல் பாதியிலேயே நின்றுவிடும், பையே வராது.

நொதிச் சந்தேகம் தீர, மாற்றம் செய்யாத ஈஸ்ட்டையும் அதே நேரம், அதே அளவில் செரிக்க வையுங்கள். மதியத்தில் ஏசி நின்றால் கோலாலம்பூர் வெக்கைக்கு நொதி வேகமாகச் செரிக்கும், கவனம். ஸ்போ-11உடன் ஸ்போ-13 என்ற இன்னொரு மரபணுவையும் சேர்த்து நீக்கினால், மியோசிஸ் இரண்டு பிரிவுக்குப் பதில் ஒரே பிரிவோடு நின்று, பைக்கு இரண்டு ஸ்போர் வரும். அவை முளைக்கும்.