பதில்: அறை மாறிக் கர்ப்பமாகும் கதை, தைவானா கொரியாவா?

வணக்கம் சகோ. நீங்கள் கேட்ட தொடரின் கதை இதுதானே: அறை மாறிப்போய் ஒரே இரவில் கர்ப்பம், அவசரக் கல்யாணம், விபத்தில் கரு கலைவது, நாயகி வெளிநாடு போய்க் கலைஞராகத் திரும்புவது. இது கொரியத் தொடர் என்று நீங்களும் தைவான் தொடர் என்று உங்கள் தோழியும் சண்டை போட வேண்டாம், இரண்டு பேரும் சரிதான். ஜோ சென், ஈத்தன் ருவான் நடித்து 2008இல் தைவானில் வந்த கதையைத்தான் கொரியாவில் 2014இல் ஜாங் ஹ்யுக், ஜாங் நாராவை வைத்து ‘ஃபேட்டட் டு லவ் யூ’ என்று மறுபடி எடுத்தார்கள். தாய்லாந்தும் சீனாவும்கூட விடவில்லை!

அந்த இரவு சொகுசுக் கப்பலில் என்றால் தைவான், மக்காவ் ஹோட்டலில் என்றால் கொரியா. நாயகி பாரிஸிலிருந்து ஓவியராகத் திரும்பினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் பார்த்தது கொரியத் தொடர்.

கொரியத் தொடரில் எனக்குப் பிடித்தது ஹண்டிங்டன் நோய் (மூளை நரம்புகளை மெல்லச் சிதைக்கும் பரம்பரை நோய்) விஷயம். நாயகன் குடும்பத்தில் ஒன்பது தலைமுறையாக ஒற்றை ஆண் வாரிசு, பாட்டிக்குப் பேரப்பிள்ளை வேண்டும். ஆனால் அதே ரத்தத்தில்தான் நோயும் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. ‘விதி’ என்று சும்மா வசனம் பேசாமல் நாயகன் ஏன் நாயகியைத் தள்ளிவைக்கிறான் என்பதற்குக் காரணம் கிடைக்கிறது. நாயகனின் அந்தப் பேய்ச்சிரிப்பை மட்டும் முதல் சில எபிசோடுகளுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோழியோடு பார்ப்பதென்றால் தைவான் தொடரிலிருந்தே தொடங்குங்கள்.