நியூயார்க் மாநகர சபைக்கு ஒரு வழக்கறிஞர் போட்டியிட்டால் எங்கே சறுக்குவார்?

பெரும்பாலும் பணத்தில் இல்லை, கையெழுத்தில்தான். சபையில் 51 இடங்கள். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜூனில் நடக்கும் முதல்நிலைத் தேர்தலின் வாக்குச்சீட்டில் பெயர் வர, அதே தொகுதியில் அதே கட்சியில் பதிவுசெய்த 450 வாக்காளர்களின் செல்லுபடியான கையெழுத்து வேண்டும். 450 போதும் என்று நிறுத்தினால் தொலைந்தது. தொகுதி எல்லைக்கு வெளியே வசிப்பவர், வேறு கட்சியில் பதிந்தவர், போட்டியாளரின் மனுவில் முன்பே கையெழுத்திட்டவர் எல்லாம் கழிந்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு ஒவ்வொரு வரியாக ஆட்சேபிக்கும். மூன்று மடங்கு சேகரிப்பதே பாதுகாப்பு.

அடுத்தது நன்கொடை. பொதுநிதித் திட்டத்தில் சேர்ந்தால், நகரவாசி தரும் தொகையில் முதல் 175 டாலர் வரை ஒவ்வொரு டாலருக்கும் நகரம் 8 டாலர் சேர்க்கும். ஐம்பது டாலர் கொடுத்தால் வேட்பாளருக்கு மொத்தம் 450 டாலர் கிடைக்கும். தகுதி பெற, தொகுதிக்குள்ளேயே 75 பேராவது தலா 10 டாலருக்குக் குறையாமல் தந்திருக்க வேண்டும். நகரம் இப்படி எட்டு மடங்கு சேர்க்கத் தகுதியுள்ள நன்கொடை மொத்தம் 5,000 டாலரை எட்டவும் வேண்டும். பணக்கார நண்பர்களை மட்டும் நம்பும் வழக்கறிஞர் இந்த 75 பேரில்தான் திணறுவார். வீடு வீடாகப் போவதைத் தவிர வழியில்லை.

வழக்கறிஞருக்கே உரிய கண்ணி இது: நிறுவனங்களும் கூட்டாண்மைகளும் நன்கொடை தரக் கூடாது. ஆகவே சட்ட அலுவலகத்தின் அறை, நகல் எந்திரம், எழுத்தரின் நேரம் ஆகியவற்றைப் பிரசாரத்துக்கு இலவசமாகப் பயன்படுத்தினால் அதுவும் தடைசெய்த நன்கொடையே. நியாயமான வாடகை கொடுத்து ரசீது வைத்திருங்கள்.

வென்றபின் வெளி வருமானத்துக்குப் பெரும்பாலும் தடை உண்டு. உங்களை நம்பி வழக்குக் கொடுத்தவர்களின் வழக்குகளை யாரிடம் ஒப்படைப்பது என்பதை மனுத் தாக்கலுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள்.