தெருவில் நின்றால் தெரிவதைத்தானே படம் எடுக்கிறார்கள், அதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

கூகுள் ஸ்ட்ரீட் வியூ போல, வண்டியில் கேமரா வைத்து எடுத்து இணைய வரைபடத்தில் காட்டுகிற தெருப் படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "தெருவில் போகிற யாருக்கும் தெரிகிற வீட்டைத்தானே எடுக்கிறார்கள், முகத்தையும் மறைத்துவிடுகிறார்கள், அப்புறம் ஏன் ஜெர்மனி போன்ற நாடுகளில் அவ்வளவு கலாட்டா?" என்பது உங்கள் கேள்வி. நான் கோத்தகிரிப் பக்கத்துக்காரி. இரண்டு வருடத்துக்கு முன்புவரை நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். என் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அதிலேயே என் பதில் பாதி இருக்கிறது.

அத்தை இருப்பது ஒரு தேயிலை எஸ்டேட் லைனில். ஒரே கூரையின் கீழ் ஆறு வீடு, முன்னால் ஆறு குடும்பத்துக்கும் பொதுவாக நீளமான ஒரு வாசல். வாசலை ஒட்டி மண்திட்டு, திட்டுக்கு மேலே சாலை. அதாவது சாலைக்குப் பத்தடி கீழே வாசல். மேலே நின்று பார்த்தால் கொடியில் காயும் துணி, வெந்நீர் அடுப்பு, அடுக்கிய விறகு, குளியலறைக் கதவு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

இங்கே வாசல் என்றால் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிற இடம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் நாள்கணக்கில் மூட்டமும் மழையுமாக இருக்கும். கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் வீட்டுக்குள் ஒருவரும் இருக்க மாட்டோம். தலைக்குக் குளித்தவர்கள் முடி உலர்த்துவது, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது, காய் நறுக்குவது, பேன் பார்ப்பது எல்லாம் வாசலில்தான். சமவெளியில் கூடத்துக்குள் நடக்கிற வாழ்க்கை எங்களுக்கு வெயிலில் நடக்கிறது.

அத்தை மகளுக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் அத்தை ஒரு மாதம் பாடுபட்டார். சுவருக்கு வெள்ளை அடித்தார், விறகைப் பின்பக்கம் மாற்றினார், பக்கத்து வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி வைத்தார். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், "வழி பாக்கலாம்னு பையன் போன்ல போட்டான், உங்க வீட்டையே பாத்துட்டோம். நீங்க வெயில்ல தல காய வெச்சிட்டு உக்காந்திருந்தீங்க." நல்ல மனுஷி, வெள்ளந்தியாகத்தான் சொன்னார். அத்தைக்கு முகம் செத்துவிட்டது.

அன்று இரவு அந்தப் படத்தை நானே தேடி எடுத்தேன். ஒரு வரைபட நிறுவனத்தின் வண்டி, எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போயிருக்கிறது. கூரைமேல் கம்பத்தில் கேமரா. வண்டி போனதை லைனில் யாரும் கவனித்திருக்கவில்லை. படத்தில் அத்தை நைட்டியும் மெரூன் ஸ்வெட்டருமாக முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கொடி நிறைய உள்பாவாடை. குளியலறைக் கதவு பாதி திறந்திருக்கிறது.

முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள், உண்மைதான். 2007 மே மாதம் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் கூகுள் இதைத் தொடங்கியபோது அதுகூட இல்லை. முகங்கள் அப்படியே தெரிந்து எதிர்ப்பு வந்தபிறகு, 2008இல்தான் மங்கலாக்க ஆரம்பித்தார்கள். ஆனால் முகத்தை மறைப்பது யாரிடமிருந்து மறைக்கிறது? அத்தையைத் தெரியாதவர்களிடமிருந்து. அவர்களுக்கு முகம் தெரிந்தாலும் ஒன்றுமில்லை. தெரிந்தவர்களுக்கு அந்த ஸ்வெட்டர் போதும், உட்கார்ந்திருக்கும் விதம் போதும், அந்த வாசலே போதும். நாம் வெட்கப்படுவதும் பயப்படுவதும் தெரிந்தவர்களை நினைத்துத்தான்.

சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்ன தீர்ப்பில் இந்த நுணுக்கம் இருக்கிறது. நூற்றுக்கு ஒன்று தவறி முகம் தெரிந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் பள்ளி, மருத்துவமனை, பெண்கள் காப்பகம் போன்ற இடங்களின் அருகே முழுமையாக மறைக்க வேண்டும், முகத்தோடு உடை, தோல் நிறம் போன்ற அடையாளங்களையும் சேர்த்து மறைக்க வேண்டும் என்றார்கள். வேலி போட்ட தோட்டம், முற்றம் போன்ற இடங்களை இரண்டு மீட்டருக்கு மேலான உயரத்திலிருந்து எடுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்றும் சொன்னார்கள்.

இந்த உயரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜப்பானில் 2009இல் இதே பிரச்சினை வந்தது. அங்கே தெருக்கள் குறுகல், வீடுகள் நெருக்கம். மனிதர் கண்ணுக்குத் தெரியாதது கம்பத்துக் கேமராவுக்கு மதில் தாண்டித் தெரிந்தது. மக்கள் முறையிட்டபிறகு கூகுள் கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்கிப் படங்களைத் திரும்ப எடுத்தது. எங்கள் லைனில் 40 சென்டிமீட்டர் இறக்கி என்ன ஆகும்? கேமராவைத் தார்ச்சாலையில் வைத்து எடுத்தாலும் வாசல் பத்தடி கீழேதான் இருக்கிறது.

"தெருவில் நின்றால் தெரிவது" என்ற பேச்சு சமதரையில் சரி. ஆறடி மதில் கட்டினால் கொல்லைப்புறம் நம்முடையது. மதில் கட்டாமல் விட்டால், தெரிந்தால் பரவாயில்லை என்று நாமே விட்டதாகச் சொல்லலாம். மலைச்சரிவில் அந்தத் தேர்வே கிடையாது. சாலைக்கு மேல்பக்கம் இருக்கிற வீட்டைப் படத்தில் பாருங்கள், தடுப்புச் சுவர் மட்டும்தான் தெரியும். கீழ்ப்பக்கம் இருக்கிற வீடு தட்டில் வைத்தது போலத் தெரியும்.

கீழ்ப்பக்கம் இருப்பது யார்? அதே எஸ்டேட்டின் பங்களாவையும் அதே வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். கேட், சைப்ரஸ் மர வேலி, உள்ளே வளைந்து போகிற பாதையின் முதல் பத்தடி, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து எஸ்டேட்டுகளில் பங்களா மேட்டில், லைன் சரிவில். யார் வீட்டைக் காட்டலாம், யார் வீட்டை மறைக்கலாம் என்று அந்த நிறுவனம் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் யாருக்கு எங்கே இடம் கொடுத்தார்களோ அதன்படி படம் விழுந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான்.

தெருவில் நடந்து போகிறவர்களோடு கேமராவை ஒப்பிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சாலையில் நடந்து போகிற ஆளை அத்தையும் பார்க்கிறார். "என்னக்கா, தண்ணி காஞ்சிருச்சா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். குளிக்கப் போகிற நேரமாக இருந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள், அது ஊர் மரியாதை. பார்த்தது அன்றோடு போயிற்று. கேமரா வந்தது அத்தைக்குத் தெரியாது. யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதமும் வருடமும் போட்டு வருடக்கணக்கில் அங்கேயே நிற்கிறது.

ஜெர்மனி விஷயத்துக்கு வருகிறேன். 2010 மே மாதம் கூகுள் ஒன்றை ஒப்புக்கொண்டது. படமெடுக்கப் போன வண்டிகள், கடவுச்சொல் போடாத வீட்டு வைஃபை இணைப்புகளில் போய்க்கொண்டிருந்த தகவல்களையும் சேர்த்துச் சேகரித்திருந்தன. முதலில் அதைத் தோண்டியெடுத்தவர்கள் ஜெர்மனியின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள்தான். படம் மட்டும்தான் எடுக்கிறோம் என்று நம்பவைத்தவர்கள் வேறொன்றும் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மனசு ஆறாது. அந்த நவம்பரில் 20 நகரங்களின் படங்கள் வெளியாகும் முன்பே சுமார் 2,44,000 வீட்டார் எங்கள் வீட்டை மறையுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எஸ்ஸன் நகரில் அப்படி மறைக்கப்பட்ட சில வீடுகளின் மேல் யாரோ முட்டை அடித்தார்கள். மறைக்கச் சொன்னதற்கே தண்டனை! 2011இல் கூகுள் அங்கே புதிய படங்களை வெளியிடுவதை நிறுத்தியது. திரும்ப வந்தது 2023இல்தான்.

இங்கிலாந்தில் பிராட்டன் என்ற கிராமத்தில் 2009இல் ஊர்க்காரர்கள் கைகோத்து வண்டியை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். திருட்டுப் பயம்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு தம்பதி, தங்கள் தனியார் சாலைக்குள் வண்டி வந்து வீட்டைப் படமெடுத்தது என்று வழக்குப் போட்டார்கள். 2010 இறுதியில் அந்த வழக்கு 1 டாலர் நஷ்டஈட்டோடு முடிந்தது.

நம் நாட்டில் கதை வேறு மாதிரி. 2011 மே மாதம் பெங்களூரில் கூகுள் வண்டிகள் படமெடுக்கத் தொடங்கின, அடுத்த மாதமே போலீஸ் நிறுத்தச் சொன்னது. 2016இல் மத்திய அரசும் அனுமதி மறுத்தது. இரண்டு முறையும் பாதுகாப்புதான் காரணம், ராணுவ இடங்கள் தெரிந்துவிடும் என்ற கவலை. 2021 பிப்ரவரியில் விதிகளைத் தளர்த்தி, தெருப் படக் கணக்கெடுப்பை இந்திய நிறுவனங்கள் மட்டும் செய்யலாம் என்றார்கள். அதன்படி 2022 ஜூலையில் ஜெனிசிஸ் இன்டர்நேஷனல், டெக் மஹிந்திரா ஆகியவற்றோடு சேர்ந்து சென்னை உட்படப் பத்து நகரங்களில் ஸ்ட்ரீட் வியூ வந்தது. இத்தனை வருடப் பேச்சில் ராணுவ முகாம் இருந்தது, அணை இருந்தது, வாசலில் தலை உலர்த்துகிற பெண் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. தெருப் படங்களுக்கென்று தனிப் பிரிவு எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை.

இந்தப் படங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவு எண்ணை வைத்து வீடு கண்டுபிடிக்கிற ஊர் இல்லை எங்களுடையது. பிரசவ வலியில் 108க்குப் போன் செய்துவிட்டு, "பெரிய சில்வர் ஓக் மரத்துக்கு அடுத்த வளைவு" என்று வழி சொன்ன வீடுகள் எத்தனையோ. 2009 நவம்பர் நிலச்சரிவில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எந்தச் சாலையின் தடுப்புச் சுவர் எந்த வருடம் எப்படி இருந்தது என்று தேதியோடு படம் இருந்தால் அது பெரிய உதவி. சாலையை எடுங்கள். சாலைக்குக் கீழே இருக்கிற வாசல் சாலை இல்லை, அவ்வளவுதான் நான் கேட்பது.

ஊட்டிப் பக்கம் தோடர் பழங்குடியினரின் மந்துகளுக்கு, அதாவது அவர்களுடைய குடியிருப்புகளுக்கு, நூறு வருடத்துக்கு மேலாக வெளியாட்கள் கேமராவோடு போகிறார்கள். இப்போது சுற்றுலா வருகிறவர்களே சுற்றிலும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வரைபடத்தில் ஏற்றிவிட முடிகிறது. நிறுவனத்தின் வண்டிக்கு மட்டும் விதி போட்டால் அது போதாது.

உங்கள் வீடு இப்படி விழுந்திருந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கூகுள் படமென்றால் அதே திரையில் சிக்கலைப் புகாரளிக்கும் இணைப்பு இருக்கும். முகமா, வீடா, வண்டி எண்ணா என்று கேட்கும். மறைக்க வேண்டிய இடத்தைத் திரையில் காட்டுகிற கட்டத்துக்குள் கொண்டுவந்து, மின்னஞ்சல் முகவரி கொடுத்து அனுப்ப வேண்டும். ஒருமுறை மறைத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் வீட்டோடு கடையோ ஹோம்ஸ்டேயோ வைத்திருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். இன்னொன்று, கேமரா சில மீட்டருக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே போகும். நாலு பக்கமும் நகர்த்திப் பார்த்து உங்கள் வீடு தெரிகிற எல்லாப் படத்தையும் குறிப்பிடுங்கள். பழைய வருடப் படம் இருந்தால் அதையும் சேருங்கள். எங்களுக்கு இது தெரியவில்லை. அந்த வரைபட நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியபிறகு ஒரு படத்தில் வாசலை மறைத்தார்கள். பத்தடி தள்ளி எடுத்த அடுத்த படத்தில் அத்தை அப்படியே உட்கார்ந்திருந்தார். அதற்கும் எழுதி, அதுவும் மறைய இன்னும் இரண்டு மாதம் ஆனது.

எழுதினது நான், அத்தை இல்லை. அத்தைக்கு மின்னஞ்சல் கிடையாது. தமிழில் பேசிப் புகார் சொல்ல ஒரு போன் நம்பர் வேண்டும், வண்டி வரும் முன்பு ஊராட்சி அலுவலகத்தில் தேதி ஒட்ட வேண்டும். அன்றைக்குத் தேதி தெரிந்திருந்தால் அத்தை உள்ளே உட்கார்ந்திருப்பார், துணியை ஒரு நாள் கழித்துக் காயப்போட்டிருப்பார்.

அந்த வரன் முடிந்துவிட்டது, மகள் மேட்டுப்பாளையத்தில் நன்றாக இருக்கிறாள். ஆனால் படமெல்லாம் மறைந்துவிட்டது என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அத்தை நம்பவில்லை. "மறுபடி வர மாட்டானுங்கன்னு என்னம்மா நிச்சயம்?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. போன தையில் நர்சரிக்காரர்கள் கட்டுகிற பச்சை வலையை வாங்கி, திட்டின் மேல் கம்பு நட்டு லைன் நீளத்துக்கும் கட்டிவிட்டார்கள், ஆறு வீட்டாரும் பணம் போட்டு. முன்பெல்லாம் எட்டரைக்கு வாசலில் இறங்குகிற வெயில் இப்போது ஒன்பதரைக்கு வருகிறது.