சென்னைக்குப் பெயர், கோலாலம்பூருக்குச் ‘சிலர்’

கேள்வி: நடப்பு அரசியல், ஊடகம், நட்சத்திரச் சர்ச்சைகள் பற்றித் துணிந்து கருத்துக் கட்டுரைகள் எழுத ஆரம்பித்திருக்கிறேன். உங்களுக்கு மூன்று அனுப்பினேன். ஒன்றுகூட வரவில்லை. உண்மையை எழுதினால் போட மாட்டீர்களா, இல்லை பயமா?
– ‘புதிய பேனா’, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பயம் கொஞ்சம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். மூன்றையும் முழுதாகப் படித்தேன், தம்பி. (தம்பி என்பது கையெழுத்தை வைத்து நான் ஊகித்தது. தங்கச்சியாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

முதலாவது, தனுஷ்–நயன்தாரா சண்டை. தன்னைப் பற்றிய ஆவணப்படத்தில் வந்த, தனுஷ் தயாரித்த படம் சார்ந்த 3 விநாடிக் காட்சிக்கு அவர் 10 கோடி ரூபாய் கேட்கிறார் என்று 2024 நவம்பரில் நயன்தாரா பகிரங்கக் கடிதம் எழுதினார். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. நீங்கள் நான்காவது வரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். ஒரு படத்தின் காட்சி யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு. ‘பதிப்புரிமை’ என்ற சொல் உங்கள் நான்கு பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை. இருவருடைய சொந்த வாழ்க்கைக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

இரண்டாவது, கரூர். 2025 செப்டம்பர் 27 அன்று விஜய் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். கோபம் வராவிட்டால்தான் தப்பு. விஜய், ஸ்டாலின், போலீஸ், டிவிக்காரர்கள் என்று ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லி விளாசியிருக்கிறீர்கள்.

மூன்றாவதைத்தான் ஆசையோடு எடுத்தேன். ஜாலான் மஸ்ஜித் இந்தியா கோயில். நம் ஊர், நடந்து போகிற தூரம். ஆனால் உள்ளே பார்த்தால் ‘சில தலைவர்கள்’, ‘ஒரு தரப்பு’, ‘சம்பந்தப்பட்டவர்கள்’. எண்ணிப் பார்த்தேன், ‘சிலர்’ மட்டும் 11 முறை. சென்னைக்காரருக்குத் தகப்பன் பெயர்வரை எழுதிய பேனா, நாசி லெமாக் வாங்குகிற தெருவுக்கு வந்ததும் மை வற்றிப்போகிறது.

அது சுமார் 130 ஆண்டுப் பழைய கோயில். அந்த நிலத்தை ஜேக்கல் ஜவுளி நிறுவனம் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடமிருந்து 2014இல் வாங்கியது. 2025 மார்ச் 27 அன்று அங்கே கட்டவிருக்கும் மடானி பள்ளிவாசலுக்குப் பிரதமர் அன்வார் அடிக்கல் நாட்டினார். கோயிலுக்குச் சுமார் 50 மீட்டர் தள்ளி மாற்று இடம் பேசி முடித்தார்கள். இதெல்லாம் பத்திரிகைகளில் வந்த செய்தி. எடுத்து எழுதத் துணிச்சலே தேவையில்லை. கோயில் நிற்கிற மண்ணை விற்றபோது அதைத் தட்டிக் கேட்டது யார்? 2014க்கும் 2025க்கும் நடுவே நம் தலைவர்கள் எத்தனை பேர் அந்த வாசலில் மாலை வாங்கிக்கொண்டார்கள்? நான் எதிர்பார்த்த கட்டுரை அது. நீங்கள் அனுப்பியது ‘இனத்துக்கே அவமானம்’ என்ற ஒரு கத்தல்.

சரி, பயத்துக்கு வருவோம். நம் மலேசியாவில் 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம் இன்றும் இருக்கிறது. 2012வரை பத்திரிகை வெளியீட்டு உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் மூன்று பத்திரிகைகளை அரசாங்கம் ஒரே சமயத்தில் நிறுத்தியது. அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு வரி எழுதிவிட்டு இரண்டு முறை படிக்கிற பழக்கம் போகவே போகாது. ஆகவே நீங்கள் பயந்ததில் எனக்கு வருத்தமில்லை. பயந்துகொண்டே எழுதியதற்குத் துணிச்சல் என்று பெயர் வைத்ததுதான் உறுத்துகிறது. தனுஷ் செந்தூலுக்கு வந்து உங்கள் கதவைத் தட்டப்போவதில்லை.

இன்னொன்று. ‘தமிழ் ஊடகங்கள் விலைபோய்விட்டன’ என்று ஒரு வரி. எது, எப்போது, யாரிடம்? 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றது, நட்டம் தாங்காமல். அதை விலை கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே விசாரியுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்ன, என் தம்பி வீட்டிலும் வாங்கவில்லை.

முதல் இரண்டையும் திருப்பி அனுப்புகிறேன். மூன்றாவது என் மேசையில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தெருவுக்குப் போய்க் கோயில்காரரிடமும் பள்ளிவாசல் பக்கம் கடை வைத்திருப்பவரிடமும் பேசிவிட்டு வந்து மறுபடி எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். அம்மன் பெயர் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன். நீங்கள் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள்.